குழம்பு மட்டும் போதும்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆட்டுக்கறிக் குழம்பு. எல்லோரும் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அப்பா சொல்கிறார்: "எனக்குக் குழம்பு மட்டும் போதும்மா. கறி வேணாம்."

சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் நான் ஏன் அதிர்ந்து போனேன் என்பது உங்களுக்குப் புரியும். கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் 30 வருடங்களுக்கு மேல் ஃபிட்டர். நல்லி எலும்பைத் தட்டு விளிம்பில் இரண்டு தட்டு தட்டி ஓர் உறிஞ்சு உறிஞ்சினார் என்றால், வாசலில் காத்திருக்கும் நாய் நம்பிக்கை இழந்து எழுந்து போய்விடும். அப்பேர்ப்பட்டவருக்குக் குழம்பு மட்டும் போதுமாம்.

"ஏன் மாமா, உடம்புக்கு ஏதாச்சும்?" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாச்சுல்ல, கறி செரிக்க மாட்டேங்குது."

பொய். கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. புதிதாகக் கட்டிய பல் செட். கறியை மென்றால் கீழ் செட் எழும்பிவிடுகிறது. வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல், எங்கள் முன்னால் துப்பவும் கூச்சப்பட்டு, கை கழுவப் போவதுபோல் வாஷ்பேசினுக்குப் போயிருக்கிறார். இனி அந்த வம்பே வேண்டாம் என்றுதான் கறியை விட்டுவிட்டார்.

நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால், 'எனக்கென்ன கேடு' என்று ஒரு எலும்பை எடுத்துக் கடித்துக் காட்டுவார். அந்தத் தலைமுறை அப்படி.

சரி, கொத்துக்கறியாக வாங்கிவிடலாம் என்று கறிக்கடைக்குப் போனேன். புளியங்கட்டையில் வைத்துக் கத்தியால் கொத்தித் தருவது ஒரு கலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தில் கலைக்கு ஏது நேரம்? "பதினோரு மணிக்கு மேல வாங்க சார்" என்றார் கடைக்காரர். இன்னொரு கடையில் மெஷின் இருந்தது. அதன் வாயில் எனக்கு முன்னால் வந்தவரின் கறி பாதி இருந்தது. நான் வாங்கிய தொடைக்கறி உள்ளே போனது. வெளியே வந்தது யாருடையது என்று எனக்குத் தெரியாது. முழுக் கறியில் கொழுப்பு, ஜவ்வு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அரைத்த கறியில் எதுவும் தெரியாது. பாலன்ஸ் ஷீட் மாதிரி. தயாரித்தவரை நம்பினால்தான் உண்டு.

மிக்ஸி? போட்டுப் பார்த்தேன். மிக்ஸி பிளேடு கறியை வெட்டுவதைவிட அடிப்பதுதான் அதிகம். அந்தச் சுழற்சியில் சூடேறிக் கொழுப்பு இளகி, எல்லாம் சேர்ந்து விழுதாகிவிட்டது. உருண்டை பிடித்தால் ரப்பர்.

ஆக, வீட்டுக்கே ஒரு கைமா மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன். உடனே எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டது. நம் வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒரு ஜூஸர், ஒரு சாண்ட்விச் டோஸ்டர், ஒரு முறுக்கு மெஷின் ஆகியவை நிரந்தர ஓய்வில் இருக்கின்றன. பயன்படுத்தினால்தான் தேய்மானம் என்று யார் சொன்னது?

முதல் கேள்வி, மின்சாரமா, கையா? மின்சார மெஷின்களின் அட்டைப்பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சில நூறு வாட்ஸ்தான் இருக்கும். பெரிய எண், மோட்டார் சிக்கித் திணறும் ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரம். சின்ன எண்தான் தொடர்ந்து ஓடும்போது ஆவது. வாரா வாரம் இரண்டு மூன்று கிலோ அரைக்கிற பெரிய குடும்பம் என்றால் மின்சாரம் வாங்குங்கள். கறி சிக்கினால் பின்னோக்கிச் சுற்றும் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எங்களுக்கு வாரம் அரைக் கிலோ. கையால் சுற்றுவதே போதும்.

இந்தக் கை மெஷினைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுபவர் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ். 1817ல் பெடல் இல்லாத இரு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டி, சைக்கிளுக்குப் பிள்ளையார் சுழி போட்டாரே, அவரேதான்.

கை மெஷினுக்கு நம்பர் உண்டு. 5, 8, 10, 12, 22, 32. நம்பர் ஏற ஏற வாயும் தட்டும் பெரிசு. 5ல் தட்டின் குறுக்களவு சுமார் 54 மில்லிமீட்டர். 8ல் 62. 32ல் 100. அது ஓட்டலுக்கு. நான் 8 வாங்கினேன். ஈயம் பூசிய வார்ப்பிரும்பு.

வாங்கி வந்த பிறகுதான் முதல் அசடு வெளிப்பட்டது. மெஷினை மேடையின் விளிம்பில் கவ்வ வைத்துத் திருகி முடுக்க வேண்டும். எங்கள் சமையல் மேடை கிரானைட். அதன் தடிமனுக்கு அந்தக் கவ்வி வாயைத் திறக்கவே இல்லை. கடைக்குப் போகுமுன் மேடையை அளந்துகொண்டு போங்கள். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் பழைய துணியை மடித்து வைத்துப் பூட்டினேன்.

இரண்டாவது அசடு இன்னும் பெரிசு. கறியைப் போட்டுச் சுற்றுகிறேன். தோள் கழன்று விடும்போல் இருக்கிறது. தட்டின் ஓட்டைகள் வழியே பற்பசை மாதிரி ஏதோ பிதுங்குகிறது.

அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. முன்பக்க மரை வளையத்தைக் கழற்றினார். தட்டு, நாலு கை உள்ள கத்தி, திருகுச் சுருள் என்று வரிசையாக மேஜையில் எடுத்து வைத்தார். நூற்பாலையில் இப்படித்தான் வைத்திருப்பார் போல.

"கத்தியைத் திருப்பிப் போட்டிருக்கடா. இதோ பாரு, ஒரு பக்கம் தட்டையா இருக்கா? அது வெளியே பார்க்கணும். தட்டு மேல ஒட்டி உக்காரணும். அப்பதான் வெட்டும். இல்லேன்னா நசுக்கும்."

பிறகு கத்தியைத் தட்டின் மேல் வைத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிஞ்சா சாணை பிடிக்கக் குடுத்துரு."

அன்றிலிருந்து மெஷின் அவர் பொறுப்பு. அவர் போட்ட சட்டங்களைத்தான் இங்கே தருகிறேன். வெள்ளை ஜவ்வை முதலில் அறுத்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கத்தியில் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். எலும்பு ஒரு துணுக்கும் கூடாது. கறித்துண்டுகளையும், கத்தி தட்டையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் கொழுப்பு இளகாமல் உதிரி உதிரியாக விழும். (இது மட்டும் என் மனைவியின் திருத்தம். மாமனார் ஏற்றுக்கொண்டார்.) உள்ளே தள்ள மரக்கட்டைதான், விரல் கூடவே கூடாது. கடைசியில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுச் சுற்றினால் உள்ளே தங்கிய கறி வெளியே வந்துவிடும். உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி சமையல் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஈயப் பூச்சு தேய்ந்த இடத்தில் ஒரே ராத்திரியில் துரு ஏறும்.

இன்னொன்று, விளையாட்டில்லை. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்துவிட்டால் அது நடுமையம் வரை போய்விடுகிறது. அதனால்தான் அமெரிக்காவில் முழுத் துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸ் வெந்தால் போதும் என்கிற அரசாங்கத் துறை, அரைத்த கறிக்கு 71 கேட்கிறது. அரைத்த அன்றே சமைத்துவிடுங்கள். உருண்டையைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே சிவப்பு கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலா உருண்டை. பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, கசகசா, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். ஒரு ஏற்பாடு மட்டும் செய்திருந்தோம். அப்பாவுக்கு மட்டும் தனியாக இல்லை. எல்லோர் தட்டிலும் அதே உருண்டைதான். எலும்புக் குழம்பு கிடையாது. மகன் முணுமுணுத்தான். அவன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அடங்கினான்.

அப்பா ஒன்று சாப்பிட்டார். இரண்டு. மூன்று. வாஷ்பேசின் பக்கம் போகவில்லை. நான் அவரைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலை நிமிராமலே, "மெஷின் யாருக்கு வாங்கினேன்னு எனக்குத் தெரியும்டா" என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். "அந்த 3 மில்லிமீட்டர் தட்டு வேணாம். பெரிய ஓட்டை ஒண்ணு இருக்குல்ல, 8? அதைப் போடு. ரொம்ப மைய இருக்கு. கறின்னா கொஞ்சம் பல்லுல படணும்."

போட்டேன். மென்றார். நிதானமாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த ஞாயிற்றுக்கிழமை, 'எனக்குக் குழம்பு மட்டும் போதும்' என்று சொல்லக்கூடும். செரிக்கவில்லை என்று காரணமும் சொல்வார்கள். உடனே நம்பிவிடாதீர்கள்.