ஏலம் மணந்த கைகள்

2023-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று போடிநாயக்கனூருக்கு இரயில் திரும்பி வந்தது. 1928-இல் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு மூடப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்கள் நிலையத்தில் திரண்டு நின்று வரவேற்றனர். நாமும் அவர்களோடு நின்றோம். குருமட விடுமுறைகளில் அப்பழைய வண்டியின் சன்னலோரம் அமர்ந்து மலைகளைப் பார்த்து வந்த நாள்கள் நெஞ்சில் நிறைந்தன.

அடுத்த ஞாயிறு சிலமலையில் திருப்பலி. அந்நிறைவோடே மறையுரை ஆற்றினோம். அக்காலத்தில் வசதி குறைவு, மகிழ்ச்சி மிகுதி. இன்று வசதி உண்டு, மகிழ்ச்சி இல்லை என்றோம். பலர் தலையசைத்தனர்.

திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நமக்காகக் காத்து நின்றார். நாற்பது ஆண்டுகள் ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவர்.

"சாமி, நீங்க ரயில்ல வந்தீங்க. நாங்க மலைக்குப் போனோம். அந்தக் காலம் நல்ல காலம்னு கோயில்ல சொல்லாதீங்க. என் பேத்தி கேட்டுக்கிட்டு இருக்கா. பத்தாவதோட நிறுத்தி அவளையும் தோட்டத்துக்கு அனுப்பலாம்னு அவ அப்பன் நெனைக்கிறான்."

நமக்கு நாணமாயிற்று. அவ்வாரமே அவர் இல்லம் சென்றோம். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறியதையும், தூரடியில் மண்ணையொட்டிக் காய்க்கும் ஏலத்தை நாளெல்லாம் குனிந்து எடுத்ததையும், மழையில் கால்களைக் கடித்த அட்டைகளையும் அவர் கூறினார். காய்கள் ஒன்றாய் முதிர்வதில்லை. அதனால் அதே செடியிடம் மீண்டும் மீண்டும் குனிய வேண்டும். முதுகு இன்னும் நிமிரவில்லை.

"அப்படியானால் அந்நாள்களில் மகிழ்ச்சியே இல்லையா, அம்மா?" என்றோம்.

"ஏன் இல்ல சாமி? பொழுதடைய வீட்டுக்கு வந்தா என் மக ஓடிவந்து கையை மோந்து பார்ப்பா. ஏலக்காய் வாசம். இப்ப நெனச்சாலும் மனசு குளுந்துபோகுது."

இவ்விரண்டு சொற்களையும் எவ்வாறு இணைப்பது என்று பல நாள் சிந்தித்தோம். புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில், கழிந்த துயரை மகிழ்வோடு நினைக்க முடிவது எவ்வாறு என்று வியக்கிறார். நினைவை மனத்தின் வயிற்றுக்கு ஒப்பிடுகிறார். இனிப்பும் கசப்பும் உள்ளே செல்கின்றன; சென்றபின் நாவறிந்த சுவை அங்கே இல்லை.

நம் காலத்தில் உளவியலறிஞர் டேனியல் கானமனும் அவருடைய தோழர்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு முறை, 14 பாகை குளிர்நீரில் 60 நொடி கையை வைத்திருக்க வேண்டும். மறுமுறை, அதே 60 நொடிக்குப்பின் மேலும் 30 நொடி. அப்போது நீரின் குளிர் ஒரு பாகை மட்டும் தணிக்கப்படும். எதை மீண்டும் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வேதனையையே தேர்ந்தனர். முடிவு சற்று இதமாயிருந்ததே காரணம். நினைவு கால அளவைக் கணக்கிடுவதில்லை. உச்சத்தையும் முடிவையுமே பெரிதும் பற்றிக்கொள்கிறது. அம்மூதாட்டியின் பகற்பொழுது முழுவதையும் மாலையில் ஒரு குழந்தை கை மோந்த நொடி இனிமையாக்கிவிட்டது.

இது இறைவன் தந்த இரக்கமே. ஆயினும் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுதனர்; செங்கல் சூளையை மறந்தனர். அந்த நினைவு அவர்களை அடிமைத்தனத்திற்கே திரும்பி அழைத்தது. நமது மறையுரையும் அத்தகையதே. நாம் இனிமையாய் நினைவுகூர்ந்ததில் ஒரு சிறுமியின் படிப்பு பணயமாயிற்று. இணைச்சட்ட நூலோ, நீ அடிமையாயிருந்ததை நினைவில் கொள், ஆகவே உன் பணியாளருக்கும் ஓய்வு கொடு என்கிறது. துன்பத்தை மறவாத நினைவே நீதியைப் பிறப்பிக்கிறது.

மகிழ்ந்து நினைப்பது பிழையன்று. மகிழ்ச்சிக்காகத் துன்பத்தை அழித்துவிடுவதே பிழை. மூதாட்டி இரண்டையும் தனித்தனியே காத்தார்: அன்பு இனித்தது, உழைப்பு வருத்தியது. அன்பை நினைத்து மகிழ்ந்தார். வருத்தத்தைப் பேத்திக்கு விட்டுச்செல்ல மறுத்தார்.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே நம் சொல்லைத் திருத்திக்கொண்டோம். சிறுமியின் தந்தையிடமும் பேசினோம், அவர் இசைந்தார். அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள்.

ஆண்டவர் தம் நினைவாகச் செய்யப் பணித்தது ஒரு விருந்தை. அதைக் கொண்டாடும்போதெல்லாம், அது அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு என்பதையும் திருச்சபை சேர்த்தே நினைவுகூர்கிறது. எத்தனை ஆண்டுகள் அச்சொற்களைப் பீடத்தில் உச்சரித்திருக்கிறோம்! அவற்றின் பொருளைச் சிலமலையில்தான் கற்றோம். நற்கருணை பெற அம்மூதாட்டி கை நீட்டும்போது, அக்கை சுமந்த இரண்டையும் நினைத்துக்கொள்கிறோம்.