செல்லத்துச் சுண்ணாம்பு

ஆடி 9, வெள்ளி

மகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவாள். டெக்சஸ் மாநிலத்து சான் அன்டோனியோவுக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம். வந்ததும் என்ன வேண்டும் என்று நேற்று ராத்திரி போனில் கேட்டேன். மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் என்பாள் என்று நினைத்தேன். அவளோ, “நான் உனக்கும் ஆச்சிக்கும் காலைச் சாப்பாடு செஞ்சு தாரேம்மா. சிலாகிலேஸ்” என்றாள்.

அங்கே பக்கத்து வீட்டில் ஒரு மெக்ஸிகோ அம்மாள். ஞாயிறு காலையில் ஒரு தட்டு கொடுத்தனுப்புவாராம். மக்காச்சோளத்தில் சுட்ட டோர்ட்டியா என்ற மெல்லிய அடையை, ஒருநாள் பழசானபிறகு துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, கொதிக்கும் மிளகாய்ச் சாந்தில் புரட்டி, மேலே முட்டையும் பச்சை வெங்காயமும் மல்லியிலையும் போட்டுத் தருவது. “அதுல ஒரு வாய் வச்சா, ஆச்சி காந்தாரிச் சம்மந்தி அரைச்சுத் தார காலைதாம்மா ஞாபகம் வருது. மூக்கு ஒழுகும், ஆனா கை நிக்காது.” சாந்தை அவளே வந்து வைத்துக்கொள்வாளாம். அடையை மட்டும் நான் முந்தின நாளே சுட்டு வைத்துவிட வேண்டும். புது அடை சாந்தில் கரைந்துபோகுமாம், பழையதுதான் நிற்கும்.

மிச்சத்தை மறுநாள் காலைக்கு ஆக்குகிற சமையல் என்று கேட்டதுமே எனக்கு அது அன்னியமாகத் தோன்றவில்லை. பழையது குடித்து வளர்ந்த வீடு இது.

ஆடி 10, சனி

பாக்கெட்டில் வாங்கிய மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்தேன். உருண்டை பிடிக்க வந்தது. தட்டினதும் விளிம்பெல்லாம் தண்ணீர் வற்றின குளத்து மண்போல வெடித்துவிட்டது. தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினால் மூன்று துண்டு. அம்மை ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுல சோளத்துக்க மணமே இல்லியே மக்களே” என்றாள்.

மகளிடம் சொன்னேன். அவள் அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். சும்மா திரித்த மாவு ஆகாதாம். முழுச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி, ஈரமாக அரைக்க வேண்டுமாம்.

சுண்ணாம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மை கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டித் தன் வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எண்பத்தொரு வயதில் பல் பாதிதான் இருக்கிறது. வெற்றிலையை இடித்துப் போடுகிறாள். செல்லத்துக்குள் பித்தளைச் சுண்ணாம்புச் சிமிழ், பாக்குவெட்டி, கறுத்துப்போன ஒரு சிறிய உரல். சிமிழைத் திறந்து என்னிடம் நீட்டினாள். “இது சிப்பிச் சுண்ணாம்பு. கல்லுச் சுண்ணாம்பு வாங்காதே, கேட்டியா.”

ஆடி 11, ஞாயிறு

கோட்டாறு கம்போளத்தில் கடை அடைப்பு. சோளம் கிடைக்கவில்லை.

ஆடி 12, திங்கள்

காலையிலேயே போய் இரண்டு கிலோ முழு மக்காச்சோளம் வாங்கி வந்தேன். கடைக்காரர், “கோழி வளக்கியளா அக்கா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் மாவட்டத்தில் சோளம் தின்கிற வழக்கம் இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் விளைந்து, பெரும்பாலும் தீவனத்துக்குப் போகிறது.

மெக்ஸிகோ மண்ணில் விளைந்தவற்றில் எது எது நம் அடுக்களைக்குள் வந்தது என்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, சீனிப்பூசணி. அதே அமெரிக்கக் கண்டத்தின் தென்பாதியிலிருந்து மரச்சீனி, கொல்லாமரம், அன்னாசி. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்தது. சவேரியார் 1544இல் இந்தக் கடற்கரை ஊர்களில் மணியடித்துக்கொண்டு நடந்த அதே நூற்றாண்டு. அதற்கு முன் நம் உறைப்பு பெரும்பாலும் மலையில் விளைந்த மிளகுதான். அந்தக் கணக்கு இங்கே பேச்சில் இன்னும் இருக்கிறது. நாம் மிளகை வெறுமனே மிளகு என்று சொல்வதில்லை, நல்லமிளகு என்கிறோம். புதிதாக ஒன்று வந்து அதன் பெயரைப் பங்கு கேட்டபோது, பழையதுக்கு ‘நல்ல’ என்று ஒரு அடைமொழி கொடுத்து மரியாதை செய்து வைத்திருக்கிறார்கள்.

காந்தாரி மிளகாயை மட்டும் யாரும் நட்டு நான் பார்த்ததில்லை. கிணற்றடியில், வேலியோரத்தில் தானே முளைக்கும். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. பழத்தை விழுங்கி எச்சமிடும் இடத்தில் விதை முளைக்கிறது. மெக்ஸிகோவிலும் இப்படிப் பறவை விதைக்கிற ஊசிமிளகாய் உண்டு.

இன்று ராத்திரி அரைக் கிலோ சோளத்தில் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆடி 13, செவ்வாய்

தப்பாகிவிட்டது. சிமிழிலிருந்து கைக்கு வந்த அளவு அள்ளிப் போட்டிருந்தேன். கழுவக் கழுவ வழுவழுப்பு போகவில்லை. அரைத்துச் சுட்டதில் நாக்கு சுருண்டது, சோப்புக் கசப்பு. அம்மை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். சுட்டுவிரல் நுனியால் தொட்டு, பாதியைத் திரும்பச் சிமிழ் விளிம்பிலேயே வழித்துவிட்டுத்தான் இலையில் இழுப்பாள். கூடினால் வாய் வெந்துபோகும். அந்த விரலை ஒருதடவை நினைத்திருக்கலாம்.

ஆடிச் செவ்வாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஔவையாரம்மன் கோயிலுக்குப் போய் கொழுக்கட்டை அவித்துக் கும்பிட்டு வந்து எங்களுக்கும் தந்தார்கள். இலைக்குள் மாவை வைத்து அவிப்பது மெக்ஸிகோவிலும் உண்டு. தமால் என்று பெயர். அந்நாட்டின் தெற்கில் பல இடங்களில் அதற்கு வாழையிலைதான்.

ஆடி 14, புதன்

இந்த முறை அம்மை முக்காலியைப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். அளவை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

சோளம் அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர். சுண்ணாம்பு தூளாக இருந்தால் ஐந்து கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று. சிமிழில் இருப்பது ஈரச் சுண்ணாம்பு என்பதால் இரட்டிப்பு எடுத்துத் தண்ணீரில் கரைத்தேன். அலுமினியப் பாத்திரம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர் போதும். சிறுதீயில் முக்கால் மணி நேரம். போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் வெளிர்மஞ்சள் சோளம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல அடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எழும்பிய மணத்தை அம்மைதான் முதலில் கண்டுபிடித்தாள். “பொங்கலுக்கு வெள்ளையடிச்ச வீட்டுக்க மணம்லா இது.” அதுவேதான். ஈரச் சுவரும், அதற்கு அடியில் அவித்த சோளமும்.

ஒரு மணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. “எறக்கு” என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டும்.

ஆடி 15, வியாழன்

காலையில் அங்கணத்தில் வைத்து நாலு தண்ணீர் கழுவினேன். தோல் பசைபோலக் கரைந்து ஓடியது. கிரைண்டரில் போடலாமா என்று யோசித்தேன். தண்ணீர் கூடிவிடும் என்று அம்மை அம்மியைக் கழுவச் சொன்னாள். மெக்ஸிகோவில் இதற்கென்று மூன்று கால் வைத்த ஒரு கல் உண்டு, மெட்டாட்டே. பெண்கள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். படத்தில் பார்த்தபோது, கால் வைத்த அம்மி என்றே தோன்றியது.

இரண்டு ஓட்டம் அரைத்தேன். மாவு புட்டுக்கு நனைத்ததைவிட இறுக்கமாக, களிமண்போலத் திரண்டு வந்தது. வாட்டின வாழையிலைத் துண்டுக்கு நடுவில் வைத்துத் தட்டினேன், விளிம்பு வெடிக்கவில்லை. சூடான கல்லில் போட்டுத் திருப்பினதும் ஒன்று அப்பளம்போல நடுவில் உப்பிக்கொண்டு எழுந்தது. அம்மை கைதட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

இதை எழுதாமல் படுக்க முடியாது. சுண்ணாம்பில் சோளத்தை வேகவைக்கிற வித்தை மெக்ஸிகோ, குவாத்தமாலா மக்களிடம் 3,000 வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. மெக்ஸிகோவின் நவாட்டில் மொழியில் அதற்குப் பெயர் நிஷ்டமல். சாம்பல் என்ற சொல்லும் சோள மாவு என்ற சொல்லும் சேர்ந்த பெயர். சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்கிறது. சோளத்துக்குள் உடம்புக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை அவிழ்த்துவிடுகிறது. ஸ்பெயின்காரர்கள் விதையைக் கொண்டுபோனார்கள். அரைத்த பெண்களிடம் ஏன் சுண்ணாம்பு என்று கேட்டுக்கொண்டு போகவில்லை. ஐரோப்பாவில் சோளமே கதி என்று இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி கலங்கியது. 1735இல் ஸ்பெயினில் காசால் என்ற மருத்துவர் அந்த நோயை எழுதிவைத்தார். பின்னால் இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் அதில் ஆட்கள் செத்தார்கள். அந்த நோயைத் தீர்ப்பது நியாசின்தான் என்று உறுதியானது 1937க்குப் பிறகு. ஒரு விரல் சுண்ணாம்பு. அதைக் கேட்காமல் போனதற்கு இருநூறு வருஷச் சாவு. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆடி 16, வெள்ளி

மரச்சீனியை நினைத்தேன். அதுவும் கப்பலில் வந்ததுதான். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிர்செய்யத் தூண்டினார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்து வீடுகளைக் காப்பாற்றியது அதுவே. அம்மை பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவளுடைய அம்மை கிழங்கை வேகவைத்து மூன்று வேளையும் ஓட்டிய கதையைக் கேட்டே வளர்ந்தவள். மரச்சீனிக்குள்ளும் ஒரு விஷம் உண்டு, கசப்புக் கிழங்கில் அதிகம். “கொதிச்ச தண்ணியக் கொட்டிரணும், மூடி போட்டு வேவிக்கப்படாது” என்று அம்மை எனக்குச் சொன்னது, அவளுக்கு அவள் அம்மை சொன்னது. முதலில் சொன்னவள் யாரோ, வயிறு வலித்த ஒரு பிள்ளையைப் பார்த்துக் கற்றிருப்பாள். எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை.

அம்மை உள்ளித்தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் பக்குவத்தை நான் இன்றுவரை எழுதி வைக்கவில்லை.

ஆடி 17, சனி

பதினெட்டு அடை சுட்டுத் துணியில் பரத்தி வைத்திருக்கிறேன். வெளியே சாரல், காயுமா என்று பயமாக இருக்கிறது. பெரும்பயறு ஊறப்போட்டாயிற்று. மெக்ஸிகோவில் இந்த அடையோடு அவரை வகைப் பயறு வைத்துத் தின்பார்கள். நமக்குப் புட்டுக்குப் பயறு இல்லையா, அதே சேர்க்கை. தானியத்தில் குறைவதைப் பயறு நிரப்பும்.

ஆடி 18, ஞாயிறு

வந்துவிட்டாள். குளித்த ஈரத் தலையோடு நேரே அடுக்களைக்குள் நுழைந்தாள்.

குண்டு வத்தல் ஆறு, நிறத்துக்குக் காஷ்மீரி வத்தல் நாலு, தக்காளி ஐந்து, ஒரு கைப்பிடி உள்ளி, நாலு பல் பூண்டு. எல்லாவற்றையும் வெறும் கல்லில் போட்டுச் சுட்டாள். தக்காளித் தோல் கறுத்துப் பிரிந்தது. வத்தலைப் போட்டதும் அம்மை முக்காலியிலிருந்து குரல் கொடுத்தாள்: “தீயணும், கரியப்படாது. இப்ப எடு.” மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அந்த அம்மாளும் இதேதான் ஆச்சி சொல்லுவாங்க. கறுத்துட்டா சாந்து கசந்துரும்னு.” தீயலுக்குத் தேங்காயை இறக்குகிற அந்த ஒரு நொடி, அதுதான். அறுபது வருஷம் அடுப்பருகே நின்றவளுக்கு மணத்திலேயே தெரிகிறது.

அரைத்த சாந்தைத் தேங்காய் எண்ணெயில் தாளித்தாள். சட்டி சீறியது, மூன்று பேரும் இருமினோம். பயறு வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டுக் கொதித்ததும், பொரித்த அடைத் துண்டுகளைப் போட்டு இரண்டே புரட்டு. மெக்ஸிகோவில் பாலாடைபோல ஒன்றை மேலே ஊற்றுவார்கள்; நாங்கள் துணியில் வடித்த தயிர் வைத்தோம். ஆளுக்கொரு முட்டை. எனக்கு மட்டும் மேலே இரண்டு காந்தாரி நசுக்கிப் போட்டாள்.

விளிம்பு மொறுமொறுப்பு, நடுவில் சாந்து குடித்த மெத்தென்ற அடை, கடைசியில் சுண்ணாம்பில் வெந்த சோளத்தின் அந்தச் சுவர் மணம். பிறகு உறைப்பு காதுவரை ஏறியது. அம்மை பேசாமல் தின்றாள். தட்டை நீட்டி, “இன்னும் ரெண்டு துண்டு போடு” என்றாள். பிறகு நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “அந்த ஊருக்காரி அங்க என்ன சுண்ணாம்பு போடுகா?” என்று கேட்டாள். கடையில் தூளாக விற்கிறார்கள் என்றாள் மகள்.

அம்மை செல்லத்தைத் திறந்து பார்த்தாள், மூடினாள். “போவும்போ ஒரு சிமிழ் கொண்டு போ, அவளுக்குக் குடு.”

சாயங்காலம் மீதிச் சோளத்தை அரைக்க மகள் அம்மி முன்னால் உட்கார்ந்தாள். குழவியை அழுத்திப் பிடித்தாள், மாவு பக்கவாட்டில் பிதுங்கியது. அம்மை மெதுவாகக் கீழே இறங்கி, பின்னால் உட்கார்ந்து, அவள் கைமேல் தன் கையை வைத்தாள். நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு தீயலுக்கு எத்தனை மல்லி, எத்தனை வத்தல் என்று கேட்டேன்.

“இரு, இது முடியட்டும்” என்றாள் அம்மை. “நீ தண்ணி தெளிக்காதே மக்களே. கைய லேசா விடு. கல்லு தானே போவும்.”