வராதவர்களின் கணக்கு

மன்னாருக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்: பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பார், வீதியில் திரியும் கழுதைகளைப் பார், தலைமன்னார் இறங்குதுறைக்குப் போ. எல்லாம் பார்த்தேன். ஆனால் போன காரணம் வேறு. இளைஞர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடத்துவது என் தொழில். மண்டபங்களுக்குள் நின்று பேசிப் பழகிய ஒரு விஷயத்தை, அது நாள்தோறும் நடக்கிற இடத்தில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

பேசாலையிலிருந்து தென்கடல் பக்கம் விடியுமுன்பே போய்ச் சேர்ந்தேன். அங்கே கரைவலை. கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுப் படகு புறப்படுகிறது. வலையை அரைவட்டமாக இறக்கிக்கொண்டே போய், மறு தலைப்பை வெகுதூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறது. பிறகு இரண்டு பக்கமும் இழுவை. முன்பு எல்லாம் ஆள்பலம். பின்னாளில் பல இடங்களில் உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. இயந்திரம் வந்தும் ஒன்று மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒத்து வரவேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலையின் மடி சரிந்து, மீன் வந்த வழியே போய்விடும். கரைவலைக்குப் பொறுப்பான சம்மாட்டியார் அந்த நேரம் மீனைப் பற்றி நினைப்பதாகவே தெரியவில்லை. அவர் கண் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. முந்துகிற பக்கத்துக்குக் கையைக் காட்டி நிறுத்துவார். பிந்துகிற பக்கத்துக்குத் தானே நடந்து போய்க் கயிற்றில் கை வைப்பார். சத்தம் போட்டதை நான் கேட்கவில்லை.

மடி கரையேறி, மீன் விலைபோய், செலவு கழித்துப் பங்கு பிரித்தபோதுதான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. அன்றைக்கு வராத ஒருவருக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார்.

"அவர் வரேல்லையே ஐயா?" என்றேன்.

"காய்ச்சல் தம்பி. நேற்றுவரை இழுத்தவன்தானே. பிள்ளையள் சாப்பிடோணும்."

கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நாளைக்குத் தனக்குக் காய்ச்சல் வந்தாலும் இந்தக் கணக்கில் தன் பெயர் இருக்கும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். வந்தவர்களை எண்ண யாராலும் முடியும். வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தெரிந்து வைத்திருக்கிறவரைத்தான் அந்தக் கரை சம்மாட்டியாராக மதிக்கிறது என்று எனக்குப் பட்டது.

அன்று பின்னேரம் மன்னார் நகரில் புனித செபஸ்தியார் பேராலயத்துக்குப் போனபோது, அதே கண்ணோடு ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையை நினைத்துக்கொண்டேன். நெடுந்தீவில் 1940இல் பிறந்தவர். 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்ட ஆயர். 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், மாவட்டச் செயலகமான கச்சேரியின் பதிவுப்படி 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐக்கிய நாடுகள் அலுவலகக் கணக்கின்படி 2,82,380 பேர். மீதி 1,46,679. இவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டார். ஆவேசமாகப் பேச அவருக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் பதிவேட்டில் இருந்த எண்களையே எடுத்துப் பதிவேட்டைக் காத்தவர்களிடம் நீட்டினார். பேசுகிறவர்களுக்கு ஆபத்து நிறைந்திருந்த காலத்தில், அதுவும் மன்னாரிலேயே இருந்துகொண்டு அதைச் செய்தார். என் பயிற்சி வகுப்புகளில் துணிவைப் பற்றிப் பேச இனி வேறு உதாரணம் தேடமாட்டேன்.

எருக்கலம்பிட்டி வழியாகப் போகும்போது இன்னொரு கணக்கும் மனதை அறுத்தது. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கின. தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் வாழ்ந்தவர்களை ஓர் உத்தரவு அங்கே இல்லாதவர்களாக ஆக்கிவிட்டது. அதையும் தலைமை என்றுதான் அன்று அழைத்தோம். எங்கள் தமிழ்ச் சமூகம் இதை வாய்விட்டுப் பேசியது போதாது என்பது என் எண்ணம்.

சிலாவத்துறையைத் தாண்டித் தெற்கே போனால் முள்ளிக்குளம். கடலோரக் கத்தோலிக்கக் கிராமம். 2007 செப்டம்பரில் படையினர் மக்களை வெளியேற்றினார்கள். பிறகு ஊர் கடற்படை முகாமாயிற்று. வீடும் வயலும் மட்டுமல்ல, கரைவலை இழுக்கும் கடற்கரை இடங்களான பாடுகளும் கைவிட்டுப் போயின. சனம் பக்கத்துக் காட்டோரத்தில் கொட்டில் போட்டு வருடக்கணக்கில் இருந்தது. 2017 மார்ச் 23 அன்று, பெண்கள் முன்னிற்க, ஊர் வாசலில் தொடர் போராட்டம் தொடங்கியது. ஏப்ரல் 29 அன்று ஒரு பகுதி காணியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது.

அங்கே இருந்த ஓர் அக்காவிடம், அத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் போராட்டத்தைப் பற்றி அல்ல, சமையலைப் பற்றிப் பேசினார். யார் இரவு தங்குவது, யார் சோறு காய்ச்சுவது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை யார் அனுப்பி வைப்பது என்று முறை போட்டார்களாம். கைக்குழந்தைக்காரிக்கு இரவு முறை கிடையாது. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் போகும்; குறை சொல்ல அல்ல, அந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று பார்க்க.

"ஆர் தலைவி எண்டு கேட்டு நிறையப் பேர் வந்தவை தம்பி. நாங்கள் முறை ஆருக்கோ அவவைக் காட்டி விடுவம்."

விடுவித்தது ஊர் முழுவதும் அல்ல என்பதை அவர்தான் அழுத்திச் சொன்னார். எந்தக் குடும்பத்தின் வளவு இன்னும் வேலிக்குள் கிடக்கிறது என்று பெயர் பெயராக அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன்.