பழைய சலவை இயந்திரமும் நாங்களும்

அஞ்சல் தலை சேர்ப்பவர்கள் எங்கள் வகுப்பிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் மூவர். பழைய துணி துவைக்கும் இயந்திரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் உண்டு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஈட்டன் என்ற சிற்றூரில், லீ மேக்ஸ்வெல் என்ற பொறியியல் பேராசிரியர் ஓய்வு பெற்ற பின்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலவை இயந்திரங்களைத் திரட்டிக் கொட்டகை கட்டி வைத்தார். நம் நாட்டிலும் அகமதாபாத்தில் 1981ஆம் ஆண்டு பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. குடத்துக்கும் பாக்குவெட்டிக்கும் அங்கே கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. எங்கள் கள்ளக்குறிச்சியில் பழுதான சலவை இயந்திரத்துக்குக் கிடைப்பதோ பழைய இரும்பு விலைதான்.

அப்படி விலை பேசப்பட்ட இயந்திரம் ஒன்று எங்கள் விடுதியின் பின்னறையில் கிடந்தது. அதன்மேல் கிழிந்த பாய்களும், கிறிஸ்துமஸ் குடிலுக்கான மரச்சட்டங்களும் அடுக்கியிருந்தன. மலைக் கிராமங்களிலிருந்து இந்த ஆண்டு கூடுதலாக மாணவிகள் சேர்ந்ததால், கட்டில் போட அந்த அறை வேண்டும் என்றார் விடுதி சிஸ்டர். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து கண்ணாலேயே எடை போட்டுவிட்டு, சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனார். அன்று திங்கட்கிழமை. எங்களுக்கு ஐந்து நாட்கள் இருந்தன.

எங்களுக்கு அதன்மேல் அக்கறை பிறந்ததற்குக் காரணம் எங்கள் மடத்தின் மூத்த சிஸ்டர். அவருக்கு வயது எண்பத்து நான்கு. “அது 1993ஆம் வருடம் வந்தது. நோயுற்ற பிள்ளைகளின் போர்வைகளைத் துவைக்க ஒரு மாணவியின் தந்தை கொடுத்தார்” என்றார். மற்றவர்களோ அது 2001க்குப் பின் வந்தது என்றே எண்ணியிருந்தார்கள். சிஸ்டருக்கு இப்போது பெயர்கள் மறந்துபோகின்றன, காலையில் ஜெபமாலையை வைத்த இடம் மாலையில் தெரிவதில்லை. ஆகவே அவர் எந்த ஆண்டைச் சொன்னாலும் எல்லோரும் அன்போடு தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எங்களுக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தையே சாட்சி சொல்ல வைப்பது என்று நாங்கள் நால்வரும் முடிவு செய்தோம்.

பின்பக்கத்தில் ஓர் உலோகத் தகடு இருந்தது. எழுத்துக்கள் துருவில் மங்கியிருந்தன. ஓவியத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தோம். முதலில் 230 என்ற மின்னழுத்த எண் தெரிந்தது. ஆக, நம் நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்தது. அமெரிக்க வீடுகளில் ஓடுவது 120 வோல்ட், 60 சுழற்சி மின்சாரம். அங்கிருந்து வந்த இயந்திரத்தை இங்கே நேரடியாகச் செருகினால் கருகிவிடும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் நம் 50 சுழற்சியில் அதன் கடிகாரம் சோம்பிப்போய், பத்து நிமிட வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்துத் தெரிந்ததுதான் எங்களைத் துள்ளிக் குதிக்க வைத்தது. தகட்டில் ஒன்றல்ல, இரண்டு பெயர்கள்: டி.வி.எஸ்., வேர்ல்பூல். 1987இல் டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கூட்டுச் சேர்ந்தன. தானியங்கிச் சலவை இயந்திரம் செய்ய, எங்கள் ஊரிலிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடிய பாண்டிச்சேரியில் தொழிற்சாலை அமைத்தன. 1995இல் கூட்டு நிறுவனத்தில் பெரும்பங்கு வேர்ல்பூலின் கைக்கு வந்தது. 1996இலிருந்து ‘வேர்ல்பூல் ஆஃப் இந்தியா’ என்ற பெயர் வந்துவிட்டது. ஆகவே இரண்டு பெயரும் சேர்ந்த தகடு அதற்கு முற்பட்ட காலத்தைக் காட்டுகிறது. 2001க்குப் பின் செய்ததாக இருக்க வழியே இல்லை!

தாளை எடுத்துக்கொண்டு மூத்த சிஸ்டரிடம் ஓடினோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “நான்தான் சொன்னேனே” என்றார். பிறகு நாங்கள் கேட்காததையெல்லாம் சொன்னார். அந்தக் காலத்தில் விடுதித் துணிகளைத் துவைத்த அம்மாள், இயந்திரம் வந்த அன்று தமக்கு இனி வேலையில்லை என்று அழுதாராம். மதர் அவரிடமே அதன் பொறுப்பை ஒப்படைத்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத அவர், குமிழியில் எந்தக் கோட்டுக்கு எந்த வேலை என்று ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு, வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டாராம். வெளியேறும் நீரை வாழைக்குத் திருப்பிவிட்டதும் அவர்தானாம். “ஆனாலும் எங்கள் அங்கிகளை அதில் போட ஒப்பமாட்டார். இயந்திரம் துவைக்கும், நீலமும் கஞ்சியும் போடுமா என்பார்” என்று சொல்லி சிஸ்டர் சிரித்தார்.

அந்தக் குமிழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். செவ்வாய்க்கிழமை மோட்டார் காயில் கட்டும் கடை அண்ணன் ஒருவரை விடுதி சிஸ்டர் வரவழைத்தார். அவர் மின்தேக்கியைக் கழற்றி அப்புறப்படுத்திய பிறகுதான் எங்களை அருகே விட்டார். மின்சாரம் இல்லாவிட்டாலும் மின்தேக்கி அடிக்கக்கூடும் என்பதை இதைப் படிக்கும் தங்கைகள் நினைவில் வைக்க வேண்டும். குமிழியை வலப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், இடப்பக்கம் திருப்பினால் உள்ளே ஒடிந்துவிடும் என்றும் சொன்னார். அதன் பின்னால் சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று, பற்சக்கரங்களின் வழியே மேடு பள்ளமான சில வட்டுகளை மிக மெதுவாகச் சுற்றுகிறது. மேடு வந்தால் ஒரு மின்தொடர்பு சேரும், பள்ளம் வந்தால் பிரியும். நீர் நிரப்பு, துவை, வடி, அலசு, பிழி என்ற கட்டளைகள் எல்லாம் அந்த மேடு பள்ளங்களில் எழுதப்பட்டிருக்கின்றன! நடுவில் மின்சாரம் நின்றால் வட்டும் அங்கேயே நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்தடைக்குப் பழகிய எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மூளை வேறென்ன வேண்டும்?

எங்களில் ஒருத்தி வெள்ளிமலையைச் சேர்ந்தவள். ஓடையில் கல்லில் அடித்துத் துவைத்துப் பழகியவள். “கல்லே இல்லையே, அழுக்கு எப்படிப் போகும்?” என்று கேட்டாள். அண்ணன் தொட்டியின் நடுவே நின்ற, செதில்கள் கொண்ட தூணைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். துணியோடு துணி உராய்வதே அங்கே கல். இந்தத் தூணும் ஓர் அடையாளம்தான். அடியில் தட்டையான வட்டு மட்டும் சுழன்றால் அது வேறு வகை. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு இருந்தால் 1990ஐ ஒட்டி ஐ.எப்.பி. நம் நாட்டில் பரப்பிய வகை. உலகில் வீட்டுக்கென்று வந்த முதல் தானியங்கியான பெண்டிக்ஸும் முன்கதவு கொண்டதே. 1937இல் வந்த அதை ஆடாமல் இருக்கத் தரையோடு முடுக்கி வைத்தார்களாம்.

எலி கடித்த கம்பிகளை மாற்றினால் இயந்திரம் ஓடக்கூடும் என்றார் அண்ணன். ஓடினாலும் வைக்க இடம்? “கட்டில் முக்கியமா, இது முக்கியமா?” என்று விடுதி சிஸ்டர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. வெள்ளிமலைத் தோழி மட்டும், “கட்டில்தான் சிஸ்டர், ஆனால் தகட்டைக் கொடுத்துவிடுங்கள்” என்றாள். தகடும், குமிழியும், தூணும் எங்களுக்குக் கிடைத்தன. மோட்டாரை அண்ணன் விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதி சனிக்கிழமை வண்டியேறிற்று. வந்த பணத்தில் விடுதி மாடியில் துணி காயப்போடப் புதிய கம்பி கட்டியிருக்கிறார்கள். மூத்த சிஸ்டரிடம் அதைச் சொல்லப் போனோம். அவர் முன்பே அறிந்திருந்தார். “தூணைக் கழுவி வைத்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

முழு இயந்திரங்களைச் சேர்க்க எங்களால் ஆகாது. ஆகவே தகடுகளின் பென்சில் பிரதிகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். பெற்றோர் வீடு, உறவினர் வீடு என்று இதுவரை பதினான்கு. அவற்றில் ஒன்பது இரட்டைத் தொட்டி வகை. அதில் குடத்தால் நீர் ஊற்றலாம். தானியங்கிக்கோ மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வேண்டும். அடிபம்பு வீடுகளில் எது நுழைந்திருக்கும் என்பது இதிலேயே விளங்குகிறது. எல்.ஜி. என்றிருந்தால் அந்நிறுவனம் இந்தியாவுக்கு வந்த 1997க்கு முற்பட்டதல்ல. மின்சிக்கன நட்சத்திர ஒட்டு இருந்தால் 2006க்கு முற்பட்டதல்ல. முகவரியில் ‘புதுச்சேரி’ என்றிருந்தால் அதுவும் பெரும்பாலும் பெயர் மாறிய அந்த 2006க்குப் பின்புதான். பிரதி எடுக்கும்போது அது யார் வாங்கியது, எதற்காக வாங்கியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். அநேகமாக எல்லா வீட்டிலும் இதற்குப் பதில் சொல்பவர் பாட்டிதான்.

பதினைந்தாவது, கச்சிராயப்பாளையம் சாலையில் ஒரு வீட்டில் இருக்கிறது. வெள்ளைப் பூச்சு கொஞ்சமும் உதிரவில்லை, குமிழியும் இருக்கிறது. தகடு பின்பக்கச் சுவரை ஒட்டி இருப்பதால் நகர்த்தினால்தான் தெரியும். நகர்த்தப் போனால் அந்த வீட்டுப் பாட்டி, “ஆடாதீங்க கண்ணுங்களா, உள்ளே மூணு மரக்கா உளுந்து கொட்டி வெச்சிருக்கேன்” என்று தடுத்துவிட்டார். உளுந்து தீர்ந்ததும் சொல்லி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.