பழைய விண்டோஸுக்கு விடைகொடுக்கும் காலம்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் இக்கரையில் கணினி திருத்திப் பிழைப்பவனுக்கு, வைரஸுக்கு முன்னரே அறிமுகமாகிவிடும் சத்துரு உப்புக் காற்று. பெட்டியைத் திறந்து, ராம் அட்டையைக் கழற்றி, கறை படிந்த அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகினால், செத்துப்போயிற்று என்று சொல்லித் தூக்கிவந்த யந்திரம் பலமுறை உயிர்த்தெழுந்துவிடும். இவ்விதம் உடல் பிழைப்பதையே கண்டு பழகிய ஜனங்கள், உள்ளே இருக்கும் பணிசெயல் முறைமைக்கும் ஆயுள் ஒன்று உண்டு என்பதை எளிதில் நம்பாததில் ஆச்சரியமில்லை.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் திகதியும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் திகதியும் மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. மறுநாளும் யந்திரம் முன்போலவே இயங்கும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பார் இரார். அதனினும் விபரீதமானது, புதிய பதிப்புக்கு வெளியாகும் திருத்தமே பழைய பதிப்பில் அதே ஓட்டை எங்கிருக்கிறது என்று திருடனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுவது. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கப்பம் கேட்கும் வைரஸ் பரவி, பிரிட்டனின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை தடைப்பட்டபோது, ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. எக்ஸ்பிக்கோ, தாக்குதல் நடந்த பின்னரே விதிவிலக்காகக் கிடைத்தது.

ஆயினும் திகதி வந்ததும் எல்லாவற்றையும் வீசிவிடச் சொல்வது தொழில் தர்மமாகாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறிய பின் புதுக் கணினி பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. விண்டோஸ் 11ஓ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம் இல்லாத பழைய தாய்ப்பலகைகளை ஏற்பதில்லை. ஆகையால் நான் கேட்கும் முதற் கேள்வி, அந்த யந்திரத்துக்குள் யாருடைய பொருள் இருக்கிறது என்பதே. இணையத் தொடர்பும் பிறர் பென் டிரைவும் அண்டாமல், பழைய பிரிண்டர் ஒன்றை மாத்திரம் ஓட்டிக்கொண்டிருக்கும் எக்ஸ்பி இன்னும் சில காலம் இருந்துவிட்டுப் போகட்டும். நஷ்டம் வந்தால் உடையவனுக்கே. ஊராரின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிப் படிவங்களும் நாள்தோறும் தட்டெழுதப்படும் கொம்யூனிகேஷன் கடையின் கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது.

பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் திறவாமற் போகுமோ என்ற பயமும் வேண்டியதில்லை. அந்த எழுத்துருவைப் புதிய முறைமையிலும் நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை ஈரிடங்களில் பிரதிசெய்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். பெட்டி பழைய இரும்புக்குப் போகுமுன் ஹார்ட் டிஸ்க்கை முற்றாக அழித்துவிட வேண்டும். புதியது வாங்க இயலாதவர்க்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்னும் பணிசெயல் முறைமை அதே பெட்டிக்குள் பெரும்பாலும் அடங்கும்.

கடைக்கார அன்பர்களே, சிக்கனம் உங்கள் உரிமை. ஆனால் பிறர் நம்பித் தந்த விபரங்களைப் பணயம் வைத்துச் சிக்கனம் பிடிக்க எவருக்கும் உரிமை இல்லை.