ரஸ்தாளியும் வாடலும்

தின்னா ரஸ்தாளி தின்னோணும்பார் எங்க அப்புச்சி. பனாமா வாடலுக்கும் அதே ருசிதான் போல :-) அடியிலை ஓரத்துல மஞ்சளாகி, காம்பு ஒடிஞ்சு, பாவாடை கட்டுன மாதிரி தண்டைச் சுத்தித் தொங்கும். கிழங்கை வெட்டுனா உள்ள செம்பழுப்புக் கோடு.

இந்த ஃபுசேரியம் பூஞ்சை மண்ணுல பல வருஷம் கெடக்கும். மருந்தடிச்சு ஒழிக்கறதெல்லாம் நடக்காதுங்க. நல்லாத் தெரியற கன்னுக்குள்ளயே ஒளிஞ்சு அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். 1950கள்ல உலகச் சந்தையையே ஆண்ட க்ரோ மிஷெல் ரகத்தைக் காலி பண்ணது இதுதான்.

மாமா தோட்டத்துல இந்த வருஷம் பாதி போச்சு. நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற மாதிரி, நோய் வந்த மரத்தைத் தூரோட எடுத்து, குழிக்கு 1-2 கிலோ சுண்ணாம்பு போட்டாச்சு. அடுத்து பூவன் வைங்க மாமா, அது தாங்கும்னேன்.

"அந்த ருசி வருமா மாப்ள?"ங்கறார். பக்கத்துத் தோட்டத்துல ரஸ்தாளிக் கன்னு வெலை கேட்டுட்டு வந்திருக்காராம்.