தேடாமல் வந்த சான்றுகள்

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதற்கு வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 2014 முதல் கைரேகை வைத்தும் அதைப் பெறலாம். அரசுக்கு அது போதும். ஆனால், ஓய்வு பெற்றவரின் உள்ளம் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது: நான் உழைத்த உழைப்பு எவருக்கேனும் பயன்பட்டதா?

நான் அஞ்சலக எழுத்தராகப் பல்லாண்டுகள் பணியாற்றினேன். அதில் பெரும்பகுதி காயல்பட்டினத்தில் கழிந்தது. ஊர் ஆண்கள் சென்னை, கொழும்பு என்று தொழில் தேடிச் சென்றிருந்த காலம் அது. பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். கணக்கில் ஒரு காசு குறைந்ததில்லை என்று புகழ்ந்தார்கள். என் பணியின் சாரம் அதுவே என நானும் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் திருச்செந்தூர் பேருந்தில் நடுவயதினர் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "போஸ்டாபீஸ் காக்காதானே? எங்க உம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் காலேஜ்ல படிச்சப்ப வந்த மணியார்டர் எல்லாம் உங்க கையெழுத்துதான். 'உடம்பைப் பார்த்துக்கொள்'னு அடியில எழுதியிருக்கும். அந்தத் துண்டுச் சீட்டுகளை இன்னும் வச்சிருக்கேன்" என்றார்.

மற்றொரு நாள், ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் ஒருவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அக்காலத்தில் வாழ்த்துத் தந்திக்குப் பட்டியலில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டாலே போதும். ஈத் முபாரக்கிற்கும் ஓர் எண் உண்டு. மரணச் செய்தியைத்தான் சொல் சொல்லாக எழுத வேண்டும். அப்படியொரு தந்தி அவர் வீட்டுக்கு வந்திருக்கிறது. "வாப்பா மௌத்தான தந்தி. உம்மா தனியா இருப்பாங்கன்னு நீங்க எங்க மாமாவைத் தேடிக் கூட்டிட்டு வந்த பிறகுதான் கொடுக்கச் சொன்னீங்க. உம்மா கடைசி வரைக்கும் உங்களுக்காக துஆ கேட்டாங்க."

அந்த நாள் எனக்கு நினைவிலேயே இல்லை. எனக்குத் தெரியாமலேயே ஒரு தாய் எத்தனையோ தொழுகைகளில் எனக்காகக் கையேந்தியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வாறு பாராட்டப்படும்போது மகிழ்வது முகஸ்துதியாகுமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. புகழுக்காகச் செய்வது வேறு. செய்ததன் பின் தானாக வரும் நற்சொல் வேறு. பிந்தியதை, இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. கணக்கேடுகளை இனி எவரும் புரட்டப் போவதில்லை. விதிப்புத்தகம் கேட்காத சிறு பரிவுகளே மக்கள் மனத்தில் எஞ்சியிருக்கின்றன.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் ஓய்வு பெற்ற ஒரு செவிலியரோ, ஆசிரியரோ, மின்வாரிய ஊழியரோ இருப்பார். அவர் செய்த உதவி உங்கள் நினைவில் இருக்கிறதா? ஜனாஸாவின்போது நாம் கூறும் நற்சாட்சிக்கு அவரால் புன்னகைத்துப் பதில் கூற இயலாது. இன்றே, ஸலாமோடு சேர்த்து அதையும் சொல்லிவிடுங்கள்.